சர்டிபிகேட் வயசு

அதில் உட்காராதீங்க தம்பி. அது என் காலுக்கு.

சரி, வேறே இடம் இல்லைன்னா என்ன செய்ய. உட்காருங்க. காலைத் தொங்கப் போட்டுக்கிறேன். கட்டைப் பார்த்து முகத்தைச் சுளிக்க வேண்டாம், ஆறிக்கிட்டு வருகிற புண்தான். ரெண்டு விரல் கிடையாது. அவ்வளவுதான்.

திருச்செந்தூரா? நாங்களும் அங்கேதான். முன் சீட்டில் கட்டை முடியோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மகள். செண்பகவல்லி. அந்த அம்மன் குடியிருக்கிற கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்கு வேறென்ன பேர் வைக்கிறது. மெதுவாகப் பேச வேண்டாம். காதில் ஒயரை மாட்டியிருக்கிறாள், இடி விழுந்தாலும் கேட்காது.

மணியைப் பாருங்க. வண்டி எடுக்க வேண்டிய நேரம். டிரைவர் வடையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறார். நான் இதே பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். என் காலத்தில் இது நடக்காது. நேரம் ஆனால் விசில். ஓடி வருகிறவன் ஓடி வரட்டும். கையைக் காட்டுவான், கத்துவான், ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருவாள். நிறுத்தினது கிடையாது. ஒருத்தருக்கு நிறுத்தினால் ஊருக்கே நிறுத்தணும். என்னைத் திட்டாத ஆள் கிடையாது. திட்டிட்டுப் போ. வண்டி நேரத்துக்குப் போச்சா, இல்லையா?

ம். எடுத்துட்டான்.

கோயிலுக்கு எதுக்கா? முடி இறக்க. நேர்த்திக்கடன். நடந்தும் வருகிறேன், முடியும் கொடுக்கிறேன்னு வேண்டியிருந்தேன். நடை முன்னாலே, முடி பலித்த பிறகு. தைப்பூசத்துக்கு நடந்தேன், திருச்செந்தூருக்கு இந்தப் பக்கம் முக்காணி வரைக்கும் போனேன். இப்போ முடி.

எல்லாம் இவளுக்காகத்தான்.

இவள் ஆஸ்திரேலியா போறதாக இருந்தாள். தனியாக. படிக்க இல்லை, கல்யாணம் பண்ணிக்கொண்டும் இல்லை. ஒரு விசா இருக்காம். ஒரு வருஷம் அங்கே போய் ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு அங்கேயே வேலையும் பார்த்துக்கலாம். "வேலையா, லீவா? ஒண்ணைச் சொல்லுளா" என்றேன். "ரெண்டும்தான்ப்பா" என்றாள். என் சர்வீசில் வேலைன்னா வேலை, லீவுன்னா லீவு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தவனை மெமோ கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்.

"அங்கே என்ன வேலை?"

"தோட்டத்துல பழம் பறிக்கிறது. ஓட்டல்ல தட்டு கழுவுறது. எது கிடைக்குதோ அது."

தம்பி, இவள் லேப் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்து ரத்தம் எடுக்கிறவள். "நம்ம ஊர்ல பருத்தி எடுக்க ஆளில்லாம செடியோட காயுது, நீ அங்க போயி பழம் பறிக்கணுமாக்கும்" என்று கேட்டேன். "பருத்தி எடுக்கப் போறேன்னா விட்டுருவீங்களாப்பா?" என்கிறாள். அப்போதெல்லாம் வாய் ஜாஸ்தி.

நான் போகாதேன்னு சொல்லலை. அதைக் கேட்டுக்கோங்க. ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த விசாவுக்குப் பேரைக் கொடுத்தால் குலுக்கிப் போட்டு எடுப்பார்களாம். ஏலச்சீட்டு மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவை. வயசு முப்பது தாண்டியிருக்கக் கூடாது. முதல் தடவை இவள் பேர் விழலை. மறு தடவை, போன மார்கழியில் விழுந்தது. அதுதான் கடைசித் தடவை. அடுத்த குலுக்கலுக்குள் இவளுக்கு வயசு தாண்டிவிடும். சர்டிபிகேட் வயசு.

சர்டிபிகேட் வயசுன்னு ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், இவள் நிஜமாகப் பிறந்தது தை மாதம். சர்டிபிகேட்டில் ஜூன் ஒண்ணு, அதுவும் முந்தின வருஷத்து ஜூன். நான் கொடுத்ததுதான். அஞ்சு வயசு முடிந்தால்தான் ஒண்ணாம் கிளாஸ் என்று ஹெட்மாஸ்டர் ஒரே பிடியாக நின்றார். இவளுக்கு நாலரை கூட ஆகலை. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடு பார்ப்போம் என்றார். தொட்டுட்டாள். கை நீளம். "பிறந்த தேதி?" என்றார். "ஜூன் ஒண்ணு" என்றேன். எழுதிக்கொண்டார். அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற பாதிப் பிள்ளைக்கு ஜூன் ஒண்ணுதான். ஒரு வருஷத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்தேன் தம்பி. எந்த அப்பன் அதை யோசிப்பான்? அதே வருஷம் பிறந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்னாலே படித்து முடித்தாள், முன்னாலே வேலைக்குப் போனாள். மிச்சம் பண்ணின வருஷம் எங்கே போச்சு என்று கேட்காதீங்க. அது வேறே.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க. புழுதி.

இவள் தயாரானது இருக்கே, அது ஒரு கூத்து. மதுரைக்குப் போய் இங்கிலீஷ் பரீட்சை எழுதினாள். கார் ஓட்டப் பழகினாள். அங்கே ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவில் நூறு மைல் இருக்குமாம். பின்னல் இடுப்புக்குக் கீழே கிடக்கும், அவள் அம்மா உயிரோடு இருந்தவரை எண்ணெய் வைத்து வளர்த்த முடி. ஒரு நாள் அதைக் கழுத்தோடு வெட்டிவிட்டு வந்து நிற்கிறாள். "யாருக்குளா நேர்ந்துக்கிட்டே?" என்றேன். "பத்துப் பேர் தங்குற ரூம்ல உக்காந்து தலை பின்னிக்கிட்டு இருக்க முடியாதுப்பா" என்றாள்.

முதுகில் மாட்டுகிற பெரிய பை ஒண்ணு வாங்கினாள். நீலக் கலர். இப்போ மடியில் வைத்திருக்கிறாளே, அதேதான். அதில் வீட்டு அரிசியை மூட்டையாகக் கட்டிப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் ரோட்டில் நடப்பாள். கனம் பழகணுமாம். டீக்கடைக்காரன் என்னிடம் கேட்கிறான்: "மாமா, செண்பகா தினமும் அரிசி வாங்கிட்டு வருதா, இல்லே கொண்டு போயி வித்துட்டு வருதா?" பக்கத்தில் நின்றவனெல்லாம் சிரிக்கிறான். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துட்டேன்.

எனக்கும் ஏற்பாடு செய்தாள். செய்யலைன்னு சொல்ல மாட்டேன். என் அக்கா பொன்னுத்தாய், தனிக்கட்டை. அவளைப் பேசி வீட்டுக்குக் கூட்டி வந்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷினைப் பழக்கினாள். அக்காவுக்குக் கை நடுங்கும். முருங்கைக்காயில் குத்திப் பழகு என்று கொடுத்தாள். ஒரு வாரம் குழம்பில் வந்த முருங்கைக்காயெல்லாம் ஓட்டை.

இன்னொண்ணு. சாயங்காலம் ஆனால் என்னைக் கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்வாள். பேனா முனையால் என் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்பாள்.

"தெரியுதாப்பா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுது, தெரியுது."

எங்கே தொடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? அவள் மூச்சை இழுத்துப் பிடிக்கிறதை வைத்தே சொல்லிவிடுவேன். சர்க்கரை வந்த காலுக்கு உணர்ச்சி குறையுமாம். குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். தெரியலைன்னு சொன்னால் பிள்ளை கவலைப்படும். கவலையோடு எதுக்கு விமானம் ஏறணும்?

அப்போதான் நேர்ந்துக்கிட்டேன். பச்சை வேட்டி கட்டி மாலை போட்டு வீட்டுக்கு வந்தால் இவள் ஆடிப்போனாள்.

"அப்பா, சர்க்கரை இருக்கிறவங்க வெறுங்காலோட நடக்கக் கூடாதுப்பா."

"உனக்காகத்தாம்ளா போறேன்."

"எனக்காகன்னா செருப்புப் போட்டுட்டுப் போங்க."

"செருப்போட போயி நிக்கிறதுக்கு நான் என்ன முருகனுக்குச் சம்பந்தியா?"

அக்கா சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கலை. பேனாவை எடுத்துக்கொண்டு வந்து இன்னொரு தடவை பார்த்தாள். எல்லா இடத்திலும் தெரியுது என்றேன். அதற்குப் பிறகுதான் விட்டாள். தடிமனாக ரெண்டு காலுறை வாங்கிக் கொடுத்து, "இதையாவது போட்டுக்கோங்க" என்றாள். பையில் வைத்துக்கொண்டேன். எட்டயபுரம் தாண்டி ஒருத்தன் குளிருது குளிருதுன்னான். அவனிடம் கொடுத்துட்டேன்.

விசாவுக்காக அவளுக்குச் சென்னையில் ஒரு நாள் குறித்திருந்தார்கள். நேரில் வந்து கை ரேகை வைக்கணும். அதை வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பூசம் முடிந்து ரெண்டு நாள் கழித்து அது. நான் பூசத்துக்குப் போய்ச் சேர்ந்து, பஸ்ஸில் திரும்பி வந்து, இவளை வண்டி ஏற்றி விடணும். அப்படித்தான் போட்டிருந்தேன். டைம் போடுகிறதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இதோ, இது குறுக்குச்சாலை. இந்தப் பக்கம்தான். காலில் உடைமுள் ஏறியிருக்கு. எனக்குத் தெரியவே இல்லை தம்பி. கூட வந்தவன் எல்லாம் அய்யோ அம்மான்னு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான். வயசுப் பையன்கள் உட்கார்ந்துட்டாங்க. நான் விறுவிறுன்னு போறேன். ஒரு வலி கிடையாது. "அண்ணாச்சிக்கு முருகன் கிருபை பூரணமா இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். விளாத்திகுளத்துக்காரி ஒருத்தி ஓடி வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் ரத்தம்.

அப்போதான் பார்த்தோம்.

முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, திருநீறை வைத்து அடைத்துக்கொண்டு நடந்தேன். பாதியில் நிற்கிறவனா நான்? முக்காணிப் பாலத்தில் போய் விழுந்தேன். காய்ச்சல். தூக்கிக்கொண்டு வந்து தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மறுநாளே விரல் கறுத்துப்போச்சு. எடுக்கணும், தாமதித்தால் காலே போகும் என்றார் டாக்டர். அவர் குறித்த நாளும் சென்னைக்காரன் குறித்த நாளும் ஒண்ணு.

அக்கா சொன்னாள். "நான் இருக்கேன் தாயி. நீ சாயங்கால வண்டியில போனா ரேகையை வச்சிட்டுத் திரும்பிரலாம்." டாக்டரும் போயிட்டு வா என்றுதான் சொன்னார். இவள் பையை மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். "போயிட்டு வாரேன்ப்பா" என்றாள். நான் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான். பயம் தம்பி. பெற்ற பிள்ளையின் கையைப் பிடிக்கக் கூடாதா? சாயங்காலம் பிடித்த கையை மறுநாள் மயக்க ஊசி போடுகிற வரைக்கும் விடலை. அவள் பையைக் கூடக் கழற்றலை, ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். போகாதேன்னு சொன்னேனா? வாயைத் திறக்கலை. அக்காவைக் கேட்டுப் பாருங்க.

பிறகு வேறு நாள் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டாள். கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தன் விசிலோடு உட்கார்ந்திருப்பான் போலிருக்கு.

நான் விடலையே. தைரியம் சொன்னேன். "அடுத்த குலுக்கல்ல பேரைக் கொடுளா. ஜாதகப்படி உனக்குத் தை வரைக்கும் வயசு இருக்குல்லா?" சிரித்தாள். "ஜாதகத்துக்கு விசா கொடுக்க மாட்டாங்கப்பா" என்றாள். நன்றாகவே சிரித்தாள். கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கலை.

அந்த ஹெட்மாஸ்டரைப் பார்த்துத் திருத்தி வாங்கலாம் என்று விசாரித்தேன். செத்துப்போயிட்டாராம்.

ஜூன் ஒண்ணு வந்தது. லேப்பில் கேக் வெட்டினார்கள், அவர்களுக்கு அதுதானே இவள் பிறந்த நாள். ஒரு துண்டு எனக்குக் கொண்டு வந்து வைத்தாள். சர்க்கரைக்காரனுக்கு எதுக்குக் கேக்? நான் தொடலை. அவளும் தொடலை. ரெண்டு நாள் மேசையிலேயே இருந்தது. எறும்புதான் தின்றது.

இப்போ வீடு அமைதி. அக்காவை ஊருக்கு அனுப்பியாச்சு, எதுக்கு இன்னொரு ஆள்? இவள் தங்கமான பிள்ளை தம்பி. காலையில் கட்டு மாற்றுவாள், லேப்புக்குப் போவாள், வருவாள், கட்டு மாற்றுவாள். எதிர்ப் பேச்சு கிடையாது. எந்தப் பேச்சும் கிடையாது. அந்தப் பையில் இப்போ என் பஞ்சும் மருந்தும்தான் வருது. பேனா வைத்தும் பார்க்கிறாள், பார்க்கலைன்னு சொல்ல மாட்டேன். ஆனால் தெரியுதாப்பான்னு கேட்கிறதில்லை. தொடுவாள். பேனாவை மூடுவாள். எழுந்து போயிடுவாள்.

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஜாதக வயசைச் சொன்னால் சர்டிபிகேட்டைக் காட்டு என்கிறான். சர்டிபிகேட்டைக் காட்டினால் வயசு கூட என்கிறான். அமையும்.

என்ன? என்ன வேண்டிக்கிட்டேனா?

இவளுக்கு நல்லது நடக்கணும்னு வேண்டிக்கிட்டேன். விசா கிடைக்கணும்னா? அப்படியெல்லாம் பிட்டுப் பிட்டு வைக்கணுமா முருகனுக்கு? எது நல்லதுன்னு அவருக்குத் தெரியாதா? ஒத்தைப் பொம்பளைப் பிள்ளை, மொழி தெரியாத ஊர், பத்துப் பேர் தங்குற ரூம். அவரும் ரெண்டு பெண்டாட்டி கட்டின மனுஷர்தானே. யோசித்துத்தான் செய்திருப்பார்.

பலித்ததான்னு கேட்கிறீங்களே, பலிக்காமலா முடி கொடுக்கப் போறேன்? பலிக்காத வேண்டுதலுக்கு எவனாவது மொட்டை போடுவானா? இதோ என் முன்னாலே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருக்கிறாள். இதற்கு மேல் என்ன நல்லது?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

ம். தூத்துக்குடி வந்துட்டு. இங்கே கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திப் போடுவான்.

செண்பகா, எங்கேளா இறங்குறே? தண்ணியா? பாருங்க, காது கேட்காமலே போறாள். ஒயரைச் சீட்டிலேயே போட்டுட்டாள். தண்ணி வாங்க எதுக்கு அம்மாம் பெரிய பை?

இருங்க, போன் போடுகிறேன்.

என்னது, என் பையிலேயே அடிக்குது? ஆமா. கிளம்பும்போது கொடுத்தாள். டாக்டர் நம்பர், அத்தை நம்பர் எல்லாம் இதில்தான் இருக்குப்பா, உங்ககிட்டயே இருக்கட்டும் என்றாள். அப்போ வழியெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு என்னத்தைக் கேட்டுக்கிட்டு வந்தாள்?

சரி, அதை விடுங்க. அந்தா நிற்கிறாள், மதுரை வண்டிப் பக்கம். கடை இந்தப் பக்கம் இருக்கு, அங்கே என்ன சோலி? அந்தக் கண்டக்டர் வேறே ஏறும்மா ஏறும்மாங்கிறான். வண்டி உறுமிக்கிட்டு நிற்குது. கம்பியில் கையை வைத்திருக்கிறாள். கம்பியில் எதுக்குக் கை?

கண்டக்டர்! ஊதாதீங்க! ஆள் வரணும்!

டைம் ஆச்சா? டைமை எனக்குச் சொல்லாதேய்யா. நான் பார்க்காத டைமா? ஒரு நிமிஷம் நில்லு. ஒரே ஒரு நிமிஷம்யா, கும்பிடுறேன். பொம்பளைப் பிள்ளை இறங்கியிருக்கு.

செண்பகா! ஏ செண்பகா!

தம்பி, நீங்க இறங்கிப் போய்க் கூப்பிடுங்க. என்னால் எழுந்திருக்க முடியலை. என்ன சொல்வீங்க? அப்பாவுக்குக் கால் வலிக்குதுன்னு சொல்லுங்க. ரொம்ப வலிக்குதுன்னு சொல்லுங்க. ஐயோ, மதுரை வண்டியை எடுத்துட்டான். மறைக்கிறான். எனக்கு ஒண்ணும் தெரியலை. தெரியுதா தம்பி? உங்களுக்குத் தெரியுதா?

போச்சு. வண்டி போச்சு.

நிற்கிறாள். அந்தா, நிற்கிறாள்.

வாறாள். உட்காருங்க தம்பி, நீங்க போக வேண்டாம். வாறாள். நான்தான் சொன்னேனே, தங்கமான பிள்ளை. எங்கே போவாள்?

என்னளா, இம்புட்டு நேரம்? ஒண்ணும் வாங்கலையா? தண்ணி கூட வாங்கலையா? சரி. உட்காரு. கையை எதுக்குத் துடைக்கிறே, கம்பியில கிரீஸா? உட்காரு.

ஊதுங்க கண்டக்டர். ஏற்கெனவே லேட்டு.